பழுது எங்கே? பழி எங்கே?



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மலர்க்குழுச் செயலாளர் மூன்று வாரமாக என்னை ஹாஸ்டல் வாசலில் மடக்கிக்கொண்டே இருந்தார். கவிதை எனக்கு வராது. சிறுகதைக்கு சிவில் துறையில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது. ஜோக்ஸ் பக்கத்தை எலக்ட்ரிக்கல்காரர்கள் குத்தகைக்கு எடுத்துவிட்டார்கள். எனவே நான் செய்த ஒரு தப்பை எழுதுகிறேன். இது மார்க் குறைந்த தப்பு அல்ல. ஒருத்தனுடைய சம்பளம் குறைந்த தப்பு.

போன கோடை விடுமுறை. நான்காவது செமஸ்டர் பரீட்சை முடிந்து பெட்டியைக் கட்டும்போதே சித்தப்பா போன் பண்ணினார். "லீவுல வீட்ல சும்மா உருண்டுகிட்டு இருக்காம சென்னைக்கு வாடா. மெக்கானிக்கல் படிக்கிறியே, நம்ம வண்டியில நிறைய வேலை இருக்கு" என்றார். சித்தப்பா கேரவன் ஓட்டுகிறார். கேரவன் என்றால் உங்களுக்குத் தெரியும். ஷூட்டிங் நடக்கும் இடத்தில் நடிகர் நடிகைகள் மேக்கப் போடவும் ஓய்வெடுக்கவும் நிற்கும் வண்டி. இரண்டு அறை, ஏசி, சுற்றிலும் பல்பு வைத்த கண்ணாடி, தனித்தனிக் குளியலறை. எல்லோரும் உள்ளே யார் இருக்கிறார் என்று எட்டிப் பார்ப்பார்கள். நான் போன முதல் நாளே வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். (யாரையும் பார்க்கவே இல்லை என்று சொன்னால் நீங்கள் நம்பப் போவதில்லை. ஒருவரைப் பார்த்தேன். பெயர் சொல்ல மாட்டேன்!)

அடியில் 300 லிட்டர் நல்ல தண்ணீர்த் தொட்டி. பக்கத்தில் கழிவு நீர்த் தொட்டி. தண்ணீர்த் தொட்டிக்கும் குழாய்களுக்கும் நடுவே, குளியலறைப் பலகைக்குக் கீழே, நம் கைக்குள் அடங்குகிற அளவில் ஒரு சின்ன பம்பு. 12 வோல்ட் பேட்டரியில் ஓடுவது. குழாயைத் திறந்தால் தானே ஓடும், மூடினால் தானே நிற்கும். நம்ம ஊர் வீடுகளில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து தண்ணீர் தானாக இறங்கிவிடும். வண்டியின் தலையில் தொட்டியை வைத்தால் வளைவில் வண்டி ஆடும். எனவே தொட்டி கீழே, அழுத்தம் கொடுக்கப் பம்பு.

வண்டிக்கு ஓர் உதவியாளர் பையன் இருந்தான். 19 வயது. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். விழுப்புரம் பக்கம். தண்ணீர் பிடிப்பது, குளியலறை கழுவுவது, கழிவுத் தொட்டியைக் காலி பண்ணுவது, ராத்திரி வண்டியிலேயே காவலுக்குப் படுப்பது எல்லாம் அவன் வேலை. என்னைவிட ஒரு வயதுதான் சின்னவன். ஆனாலும் நான் படிக்கிறவன் என்பதால் வாய் நிறைய "அண்ணே" என்று கூப்பிடுவான். எனக்கும் அது பிடித்திருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

ஒரு மாதக் கடைசியில் வந்தது வினை. ஈ.சி.ஆர். பக்கம் ஒரு பங்களாவில் ஷூட்டிங். உள்ளே ஒரு மேடம் முகத்தில் சோப்பு போட்டிருக்கும் நேரத்தில் தண்ணீர் நூல் மாதிரி ஆகிவிட்டது. கண்ணைத் திறக்க முடியாமல் அவர் போட்ட சத்தம் ஜெனரேட்டர் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. தயாரிப்பு மேனேஜர் ஓடி வந்தார். வண்டி முதலாளிக்குப் போன் போனது. அவரும் வந்துவிட்டார். பம்பு 'உர்ர்ர்' என்று சோர்வாக ஓடிக்கொண்டே இருந்தது. குழாயை மூடினாலும் நிற்கவில்லை.

முதலாளி என்னைப் பார்த்தார். "தம்பி, நீங்க மெக்கானிக்கல்தானே? பாருங்க."

அந்த 'நீங்க' என்கிற மரியாதை இருக்கிறதே, அதுதான் என் தலையில் ஏறியது. மல்டிமீட்டரை எடுத்தேன். பேட்டரியில் 12.4 வோல்ட். பம்புக்கு வரும் இரண்டு ஒயரையும் கழற்றி, அதன் நுனியில் வைத்துப் பார்த்தேன். அங்கேயும் 12.4. ஆக, கரண்ட் முழுசாக வருகிறது. தொட்டியில் தண்ணீர் இருக்கிறது. சல்லடை மூடியைக் கழற்றிப் பார்த்தேன், சுத்தம். அப்படியானால் கோளாறு பம்பில்தான். சரி, பம்பு ஏன் கெட்டது? எனக்கு நம்ம ஹைட்ராலிக்ஸ் லேப் ஞாபகம் வந்தது. சென்ட்ரிஃபியூகல் பம்பைத் தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் சீல் கருகிவிடும் என்று லேப் அட்டெண்டர் அண்ணன் எத்தனை முறை கத்தியிருக்கிறார்!

பையனைக் கூப்பிட்டேன். "டேங்க் காலியா இருக்கும்போது பம்பை ஓடவிட்டியா?"

அவன் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "போன வாரம் ஒரு நாள் ஓடிடுச்சுண்ணே. தண்ணி லாரி லேட்டா வந்துச்சு. கவனிக்கல" என்றான்.

நான் முதலாளி பக்கம் திரும்பி, நீதிபதி மாதிரி தீர்ப்புச் சொன்னேன். "டிரை ரன் சார். பம்பு போயிடுச்சு."

புதுப் பம்பு வந்தது. 7,200 ரூபாய். நான்தான் மாட்டினேன். ஒயர்களை இழுத்து, முறுக்கி, டேப் சுற்றினேன். தண்ணீர் பீய்ச்சி அடித்தது. குழாயை மூடியதும் 'டக்' என்று நின்றது. முதலாளி தோளில் தட்டினார். சித்தப்பா முகத்தில் பெருமை. அடுத்த வாரம் ஒன்றாம் தேதி, பையனின் சம்பளத்தில் 2,000 ரூபாய் பிடித்தார்கள். மீதியை மாதாமாதம் பிடிப்பதாகப் பேச்சு. அவன் எதுவும் சொல்லவில்லை. என்னோடு பேசுவதை மட்டும் குறைத்துக்கொண்டான். அதை நான் கவனித்தேன், கவனிக்காத மாதிரி இருந்தேன்.

பதினைந்து நாள் போயிற்று. மறுபடியும் அதே 'உர்ர்ர்'. அதே நூல் தண்ணீர். மூடினாலும் நிற்காத அதே ஓட்டம்!

எனக்கு வயிற்றைக் கலக்கியது. புதுப் பம்பு. இந்தத் தடவை தொட்டி ஒரு நாளும் காலியாகவில்லை, அவன் பயந்துபோய் மணிக்கொரு தரம் பார்த்துக்கொண்டிருந்தான். அன்று ராத்திரிதான் புதுப் பம்பு வந்த பெட்டியிலிருந்த கையேட்டை முதன்முறையாகப் பிரித்தேன். ஆங்கிலத்தில் இருந்தது. இந்த வகைப் பம்பு அமெரிக்காவில் காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் டிராவல் டிரெய்லர்களில் சாதாரணமாக இருப்பது. அங்கே இது பழைய சமாச்சாரம். 1936-லேயே 'ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர்' என்ற டிரெய்லர் சொந்தத் தண்ணீர் வசதியோடு வந்திருக்கிறது. கையேட்டில் பாதி, பனிக்காலத்தில் தண்ணீர் உறைந்து பம்பை உடைக்காமல் எப்படி வடித்துவிடுவது என்பதைப் பற்றி. சென்னை மே மாதத்தில் வியர்வையைத் துடைத்துக்கொண்டே அதைப் படித்தேன்.

படிக்கப் படிக்க என் தப்பு பெரிசாகிக்கொண்டே போனது. முதலாவது, இது நம்ம லேபில் இருக்கும் சென்ட்ரிஃபியூகல் பம்பே அல்ல. டயாஃப்ரம் பம்பு. மோட்டார் சுற்றும்போது ஒரு சாய்ந்த தட்டு ஆடி, ரப்பர் தகட்டை அமுக்கி அமுக்கி எடுக்கிறது. ஒவ்வொரு அறைக்கும் உள்ளே விட ஒரு வால்வு, வெளியே விட ஒரு வால்வு. தானே தண்ணீரை இழுத்துக்கொள்ளும், பிரைமிங் வேண்டாம். கொஞ்ச நேரம் தண்ணீர் இல்லாமல் ஓடினாலும் சேதம் வராது என்று அச்சடித்தே போட்டிருந்தது. அந்த ஒரு வரியைப் படிக்காமல்தான் ஒருத்தன் சம்பளத்தில் கை வைத்திருக்கிறேன்.

இரண்டாவது, பம்பின் தலையில் ஒரு பிரஷர் சுவிட்ச் இருக்கிறது. குழாயை மூடினால் அழுத்தம் ஏறும். 55 பி.எஸ்.ஐ. வந்ததும் சுவிட்ச் மோட்டாரை நிறுத்தும். குழாயைத் திறந்து அழுத்தம் 40-க்கு இறங்கினால் மறுபடி ஓட்டும். மூடிய பிறகும் பம்பு ஓடுகிறது என்றால், அந்த 55-ஐ அதனால் எட்ட முடியவில்லை என்று அர்த்தம். ஏன் எட்ட முடியவில்லை? மோட்டாருக்குத் தெம்பில்லை. தெம்பு எங்கிருந்து வர வேண்டும்? பேட்டரியிலிருந்து. ஆனால் நான்தான் 12.4 வோல்ட் பார்த்தேனே!

இந்த இடத்தில் நான் மாட்டிக்கொண்டு முழித்துக்கொண்டிருந்தபோது, குளியலறைக் கதவோரம் நின்றிருந்த பையன் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"அண்ணே, ஒண்ணு சொல்லட்டுமா? பம்பு ஓடும்போது பாத்ரூம் லைட்டு மங்கலாகுது. முன் ரூம் லைட்டு மங்கல."

"எப்பலேருந்து?"

"பழைய பம்பு இருக்கும்போதே. அப்புறம் இன்னொண்ணு. அந்தப் பம்பு நல்லா ஓடிக்கிட்டு இருந்த காலத்துலயே, ராத்திரி யாரும் குழாயைத் தொடாமலே 'டுர்'ருன்னு ரெண்டு செகண்டு ஓடி நிக்கும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை. நான் இங்கதானே படுக்கிறேன்."

"ஏன்டா முன்னாடியே சொல்லல?"

"நீங்க கேக்கலையேண்ணே. டேங்க் காலியாச்சான்னு மட்டும்தான் கேட்டீங்க."

தோழர்களே, வைவாவில் எக்ஸ்டர்னல் கேட்ட கேள்விக்குத் திருதிருவென்று முழித்திருக்கிறேன். ஆனால் அன்று முழித்த மாதிரி என்றைக்கும் முழித்ததில்லை.

மீட்டரை எடுத்தேன். இந்த முறை ஒயரைக் கழற்றவில்லை. பம்பை ஓடவிட்டு, ஓடும்போதே பார்த்தேன். பேட்டரியில் 12.2. பம்பின் முனைகளில் 8.4! நடுவே 3.8 வோல்ட் எங்கேயோ தொலைகிறது. பேட்டரியின் பாசிட்டிவ்வில் ஒரு முள், பம்பின் பாசிட்டிவ்வில் ஒரு முள் வைத்தேன். 0.3 தான். அது பரவாயில்லை. பம்பின் நெகட்டிவ்வுக்கும் பேட்டரி நெகட்டிவ்வுக்கும் நடுவே வைத்தேன். 3.5 வோல்ட்! திருடன் எர்த் பக்கத்தில் இருக்கிறான். பம்பு அப்போது இழுத்தது 5 ஆம்பியர். 3.5-ஐ 5-ஆல் வகுத்தால் 0.7 ஓம். முதல் வருஷம் படித்த ஓம் விதி. நம்மில் எத்தனை பேர் அதைப் பரீட்சை ஹாலிலேயே விட்டுவிட்டு வந்தோம்!

முதல் தடவை 12.4 காட்டியது ஏன் என்று கேட்பீர்கள். மெக்கானிக்கல்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். ஒரு குழாய்க்குள் குப்பை அடைத்திருக்கிறது என்று வையுங்கள். கடைசியில் உள்ள திருகை மூடி வைத்துக்கொண்டு அங்கே பிரஷர் கேஜ் மாட்டினால் முழு அழுத்தமும் காட்டும். ஏனென்றால் தண்ணீர் ஓடவில்லை. திருகைத் திறந்து பாருங்கள், கேஜ் படுத்துவிடும். ஒயரும் அப்படித்தான். மீட்டர் இழுக்கும் மின்சாரம் அற்பம், அதற்கு 0.7 ஓம் ஒரு தடையே அல்ல. மோட்டார் 5 ஆம்பியர் இழுக்கும்போதுதான் வண்டவாளம் வெளியே வருகிறது. ஓடாத பம்பில் பார்த்த வோல்ட், நடக்காத கல்யாணத்தில் எழுதிய மொய் மாதிரி!

பையன் டார்ச் அடிக்க, பலகையைத் தூக்கினோம். குளியலறை விளக்கு, பம்பு இரண்டின் நெகட்டிவ் ஒயரும் ஒரே போல்ட்டில் சேஸிஸில் முறுக்கியிருந்தது. போல்ட் முழுக்கத் துரு. அதற்கு நேர் மேலே பம்பிலிருந்து போகும் ஹோஸ். அதன் கிளிப் தளர்ந்து, சொட்டுச் சொட்டாக அந்த போல்ட்டின் தலையிலேயே விழுந்துகொண்டிருந்தது. ராத்திரி பம்பு தானாக ஓடிய ரகசியம் இதுதான். சொட்டச் சொட்ட அழுத்தம் இறங்கும், 40-க்கு வந்ததும் பம்பு இரண்டு செகண்டு ஓடி ஏற்றிவிட்டு நிற்கும். அந்தச் சொட்டுதான் போல்ட்டைத் துருவாக்கி, துரு மின்சாரத்தை மறித்து, கடைசியில் பம்பை நோயாளி ஆக்கியது. புதுப் பம்பு மாட்டும்போது நான் ஒயரை இழுத்த இழுப்பில் போல்ட் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. பதினைந்து நாள் வேஷம் போட்டது.

கிளிப்பை மாற்றி இறுக்கினோம். துருவை உப்புத்தாளால் வெள்ளை இரும்பு தெரிகிற வரை தேய்த்தோம். புது லக் போட்டு, புது போல்ட்டை ஹோஸுக்குக் கீழே இல்லாத இடமாகப் பார்த்து முறுக்கி, மேலே வாசலின் தடவினோம். எல்லாம் சேர்த்து நூறு ரூபாய்கூட ஆகவில்லை. இப்போது ஓடும்போது பம்பில் 11.7 வோல்ட். குழாயை மூடியதும் 'டக்'. குளியலறை விளக்கு அசையவில்லை.

பழைய பம்பு பெஞ்சுக்கு அடியில் கிடந்தது. எடுத்து, பேட்டரியில் தடித்த ஒயரால் நேராக இணைத்து, ஒரு வாளித் தண்ணீரில் ஹோஸை விட்டேன். பீய்ச்சியது. வாயை அடைத்தேன். நின்றது. அதற்கு ஒன்றுமே இல்லை.

பையன் பார்த்துக்கொண்டே இருந்தான். நல்லா இருக்கிறதே என்று சிரிக்கவும் இல்லை, அப்போ என் பணம் என்று கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் முதலாளி வந்தார். வண்டி சரியாகிவிட்டது என்றதும் மறுபடி தோளில் தட்ட வந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். பழைய பம்பு கெடவே இல்லை, தப்பாகச் சொன்னது நான், அவன் மேல் குற்றமில்லை என்றேன். சித்தப்பா பின்னால் நின்று கண்ணைக் காட்டினார், போதும் விடு என்று. அவர் பயம் எனக்குப் புரிந்தது. லீவு முடிந்தால் நான் போய்விடுவேன், அவர் அங்கேயே வேலை பார்க்க வேண்டும்.

முதலாளி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, ஸ்பேர் பம்பு ஒண்ணு இருக்குன்னு நெனச்சுக்குவோம். இனிமே பிடிக்கல" என்றார். பிடித்த 2,000?

"தம்பி, தப்பாச் சொன்னது நீங்கன்னு நீங்களே சொல்றீங்க" என்றார். அதற்கு மேல் எனக்குப் பேச வாய் இல்லை. அவர் சொன்னதும் ஒரு கணக்குக்குச் சரிதானே?

எனக்கு அந்த மாதம் கிடைத்த பேட்டாவில் 2,000 ரூபாயை எடுத்துப் பையனிடம் கொடுத்தேன். "வேணாம்ண்ணே" என்று அவன் கையைப் பின்னால் இழுப்பான், நான் கட்டாயப்படுத்துவேன் என்று மனசுக்குள் ஒரு காட்சி ஓட்டி வைத்திருந்தேன். சினிமா வண்டியில் வேலை பார்த்த தோஷம். அவன் வாங்கி, எண்ணிப் பார்த்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "அம்மா கேட்டுக்கிட்டே இருந்துச்சுண்ணே" என்றான். அவ்வளவுதான். பிறகு, "அந்த மீட்டரு எப்படிப் பாக்கறதுன்னு சொல்லித் தர்றீங்களா?" என்று கேட்டான். கிளம்பும் வரை தினமும் சொல்லிக் கொடுத்தேன். கற்பூரம் மாதிரி பிடித்துக்கொண்டான். கிளம்பும்போது மீட்டரை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

இனி, நாளைக்கு இப்படிப்பட்ட பம்பின் முன்னால் நிற்கப்போகும் ஜூனியர்களுக்காக, நான் பட்டுத் தெரிந்துகொண்ட வரிசை:

பம்பு ஓடவே இல்லையா? முதலில் ஃப்யூஸ், அடுத்து சுவிட்ச், பிறகு வோல்ட். ஃப்யூஸ் போயிருந்தால் அதே அளவு ஃப்யூஸ்தான் போட வேண்டும். 10 ஆம்பியருக்கு 20 போட்டால் அடுத்து எரிவது ஒயர்.

ஓடுகிறது, தண்ணீர் வரவில்லையா? தொட்டி, சல்லடை, உறிஞ்சும் பக்கத்து ஹோஸ் என்று பாருங்கள். அந்தப் பக்கத்தில் ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். எனவே கண்ணுக்குத் தெரியாது. உறிஞ்சும் முனையில் தனி ஹோஸ் மாட்டி வாளியில் விடுங்கள். அப்போது தண்ணீர் ஏறினால் பம்பு நல்ல பம்பு, கோளாறு வழியில்.

யாரும் திறக்காமல் விட்டு விட்டு ஓடுகிறதா? எங்கோ கசிவு. பம்பின் வெளிவாயிலை அடைத்துப் பாருங்கள். அப்போதும் அப்படியே என்றால் பம்பின் உள்வால்வு. நின்றுவிட்டால் குழாய்ப் பக்கம்.

சோர்வாக ஓடுகிறது, நிற்க மாட்டேன் என்கிறதா? ஓடும்போது வோல்ட் பாருங்கள். எர்த்தையும் சேர்த்துப் பாருங்கள். அது சரியாக இருந்தால்தான் பம்பைப் பிரிக்க வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று. அந்த இயந்திரத்தின் பக்கத்திலேயே படுத்துத் தூங்குகிறவன் யாரோ, அவனைக் கேளுங்கள். "நீ என்ன பண்ணினே?" என்று கேட்காதீர்கள். "நீ என்ன பார்த்தே?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்குக் கிடைத்தது ஒரு குற்றவாளி. இரண்டாவது கேள்வியைக் கேட்டிருந்தால் முதல் நாளே அந்த போல்ட் கிடைத்திருக்கும்.

வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் வைத்தியருக்கு ஒரு வரிசை சொல்லியிருக்கிறார். வியாதியை அறி, அது எதனால் வந்தது என்று அறி, பிறகு வைத்தியம் செய் என்று. எட்டாவதிலேயே மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கினேன். பம்புக்கும் அதுதான் என்று தெரிய ஒரு பையனின் 2,000 ரூபாய் தேவைப்பட்டது.

இன்னும் சில மாதத்தில் நம் கையில் டிப்ளமோ இருக்கும். தொழிற்சாலையிலோ, பணிமனையிலோ, எங்கோ நம்மையும் 'நீங்க' என்று கூப்பிட்டுத் தீர்ப்புக் கேட்பார்கள். நாம் சொல்வதை நம்புவார்கள். அந்த நம்பிக்கையில் யாரோ ஒருவருடைய சம்பளம் தொங்கிக்கொண்டிருக்கும். எனவே வாயைத் திறக்கும் முன் ஒரு தடவை, பம்பை ஓடவிட்டுப் பாருங்கள்.

வாழ்த்துகளுடன்,
இறுதியாண்டு மாணவன்,
இயந்திரவியல் துறை.